நத்தை தின்ன மறுத்த மீன்கள்

மருதமுனை
02.07.2023

அன்புள்ள மருமகன் ஸஜாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். பஸ்னாவுக்கு ஏழாம் மாதம் முடிகிறது. கிளினிக்கில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

கைபேசி இருக்கும்போது இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவன் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் நீங்கள்தான். கலியாணம் முடித்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. இதுவரை நீங்கள் என்னோடு கதைத்தது "ஓம் மாமா", "இல்ல மாமா", "சரி மாமா" என்ற மூன்றும்தான். நான்கு மாதத்துக்கு முன் உங்களை மன்னாருக்கு மாற்றிய பிறகு தொலைபேசியிலும் அதே மூன்று. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும்.

விடயம் உங்கள் மீன் தொட்டி. அதில் நத்தை பெருகிவிட்டது. இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முன்கண்ணாடியில் மட்டும் எண்ணினேன், அறுபத்து மூன்று. பின்பக்கம் எண்ணவில்லை, மனம் வரவில்லை. நேற்று என் சுபைறா ராத்தா பஸ்னாவைப் பார்க்க வந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்று, "தம்பி, மீன் வளத்தாங்க எண்டு கேள்விப்பட்டன். ஊரி வளக்குறது தெரியாமப் போச்சே" என்றார். எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பிள்ளை பிறந்தால் ஊரே வந்து போகும். ஆகவே ஆகஸ்ட் இருபதாம் திகதிக்குள் நத்தை போக வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி போக வேண்டும். பஸ்னாவிடம் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம், இந்த நேரத்தில் அவளுக்குக் கவலை கூடாது.

பக்கீர் முகைதீன்

*

முருங்கன், மன்னார்
07.07.2023

கண்ணியமான மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கந்தோரில் எல்லோரும் யாருக்கு மௌத்து, யார் காலமானது என்று கேட்டார்கள். இந்தக் காலத்தில் கையால் எழுதிய கடிதம் வந்தால் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நத்தை என் பிழைதான், மாமா. நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது புதிதாக ஒரு பாசிச் செடி வாங்கி வைத்தேன். அதன் இலைக்கடியில் முட்டை இருந்திருக்கும். கழுவி வைத்திருக்க வேண்டும், கழுவவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தொட்டியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம்முடைய ஊர் வழக்கப்படி நான் பஸ்னாவின் வீட்டுக்கு வந்தேன். கட்டில், அலுமாரி, கதிரை, தலையணை வரைக்கும் எல்லாம் அங்கே இருந்தது. நான் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் அந்த இரண்டடித் தொட்டியும்தான். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் பிழையாக எடுக்கக் கூடாது.

நத்தை தின்னும் மீன் இருக்கிறது. லோச் என்று பெயர், தரையோடு திரியும் மீசைக்கார மீன். அதில் கிளவுன் லோச் வேண்டாம், கடையில் விரல் அளவுதான் இருக்கும், பிறகு ஒரு அடி வளரும். ஸீப்ரா லோச் என்று வரி போட்ட சின்ன இனம் ஒன்று உண்டு, அதுதான் நமது தொட்டிக்குச் சரி. தனியாக விட்டால் பயந்து ஒளியும், ஆகவே நான்கு வாங்குங்கள். அக்கரைப்பற்றில் மீன் கடை இருக்கிறது. நத்தை மருந்து மட்டும் ஊற்ற வேண்டாம், அதில் செம்பு இருக்கும், மீனுக்கும் ஆகாது.

இன்னொன்று. மீனுக்குத் தீனி ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரு சிட்டிகை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. மிஞ்சினால் அது நத்தைக்குப் போகும்.

ஸஜாத்

*

மருதமுனை
13.07.2023

மருமகனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வருடமாக வாயில் வராத இவ்வளவு சொற்களையும் எங்கே வைத்திருந்தீர்கள்? தலையணை விடயத்தைப் பிழையாக எடுக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறிப் போனேன். கடைக்காரனிடம் ஸீப்ரா இல்லை. கிளவுன் லோச்சைக் காட்டி, "இது வளராது ஹாஜியார், நான் கேரண்டி" என்றான். நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்று சொன்னேன். ஒன்றில் பொய் சொல்கிறவன் மற்றதிலும் சொல்வான் என்று வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

வந்த பஸ்ஸில் நம்மட ஊரில் இறங்காமல் அடுத்த ஊர் பெரியநீலாவணை வரை போனேன். அங்கே இராசதுரை என்று ஒரு மீன்காரர், என்னிடம் முப்பது வருடமாக முத்திரை வாங்கியவர். விடயத்தைச் சொன்னதும் சிரித்தார். "ஐயா, ஊரி திங்கிறதெண்டா பேத்தைதான். பல்லைப் பாத்தீங்களா? சிப்பியையே உடைக்கும்" என்றார். களப்பில் போய் விரல் நீளத்தில் இரண்டு பேத்தைக் குஞ்சு பிடித்துத் தந்தார். கடைக்காரனிடம் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மருமகன், நான் என்ன சொல்ல! தொட்டியில் விட்ட மறுநிமிடம் ஒன்று ஒரு நத்தையைப் பார்த்தது. கண்ணை உருட்டியது. ஒரே கடி, டக் என்று சத்தம். கதிரை போட்டு இருந்து பொழுது படும்வரை பார்த்தேன். அறுபத்து மூன்று இன்று காலை பத்தொன்பது. தலைமைக் கந்தோரில் இருந்து வந்த பரிசோதகர்கூட இப்படி வேலை செய்து நான் பார்க்கவில்லை. உங்கள் லோச்சுக்கு இனி வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

பக்கீர் முகைதீன்

*

முருங்கன்
18.07.2023

கண்ணியமான மாமாவுக்கு,

பேத்தையை இன்றே வெளியே எடுங்கள், தயவுசெய்து.

உங்கள் கடிதம் வந்தவுடன் தொலைபேசி எடுத்தேன். பேத்தை என்று வாய் திறந்தேன், நீங்கள் "எல்லாம் கடிதத்துல" என்று மாமியிடம் கொடுத்துவிட்டீர்கள். மாமி இருபது நிமிடம் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். பகலைக்குப் பருப்பும் சோறும் என்றேன். அழுதுவிட்டார். பிறகு பேத்தையைப் பற்றிக் கதைக்க இடம் இருக்கவில்லை.

பேத்தை நத்தை தின்னும், அது உண்மைதான். ஆனால் நத்தையோடு நிற்காது. தொட்டியில் இருக்கும் கப்பி மீனின் வாலைக் கடிக்கும், கௌராமி மீனின் செட்டையைக் கடிக்கும், கடைசியில் தன் கூட்டாளியையும் கடிக்கும். அதோடு இராசதுரை அண்ணன் தந்தது உவர்த்தண்ணீர் மீன். நல்ல தண்ணீரில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு செத்துவிடும். பாவம் இரண்டு பக்கத்துக்கும்.

கப்பி பன்னிரண்டும் என் கையில் பிறந்த குஞ்சுகள். இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ஸஜாத்

*

மருதமுனை
26.07.2023

மருமகனுக்கு,

உங்கள் கடிதம் வர முன்னமே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கப்பி பன்னிரண்டில் ஒன்பதுக்கு வால் இல்லை. உயிர் இருக்கிறது, நீந்துகின்றன, ஆனால் பின்னால் இருந்து பார்க்கக் கூடாது. நான் கதிரை போட்டுப் பார்த்திருந்தேனே, அப்போது என் கண் நத்தையில் மட்டும் இருந்திருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லை நான் என் வீட்டில் யாருக்கும் இதுவரை எழுதியதில்லை.

பேத்தைகள் போன விதமும் சொல்ல வேண்டும். சுபைறா ராத்தா திரும்ப வந்தார். மீனைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் தண்ணீருக்குள் விரலை விட்டார். பேத்தை பயத்தில் ஊதிப் பந்தாகிவிட்டது. ராத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் பஸ்னாவுக்கு நோவு வந்துவிட்டது என்று ஓட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓட்டோ வந்தது வீண் போகாமல் அதிலேயே பேத்தை இரண்டையும் வாளியில் வைத்து இராசதுரையிடம் கொண்டுபோனேன். அவர் களப்பில் விட்டார்.

பிறகு அக்கரைப்பற்றுக் கடைக்காரனிடமே போய் ஸீப்ரா லோச்சைத் தருவித்துத் தரும்படி கேட்டேன். நான்கு வந்தது. விட்டு ஒரு வாரம் ஆகிறது. முதலாம் நாள் ஒன்று சரிந்து படுத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று இன்னாலில்லாஹி சொல்லி வலையை விட்டேன், எழும்பி ஓடியது.

விடயம் இதுதான். அவை நத்தை தின்னவில்லை. நத்தை மூக்குக்கு முன்னால் போகிறது, இவை வயிறு நிறைந்த பெரிய உத்தியோகத்தர்கள் மாதிரிப் படுத்துக் கிடக்கின்றன. பத்தொன்பது இன்று ஐம்பத்தெட்டு. ஆகஸ்ட் இருபதுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

பக்கீர் முகைதீன்

*

முருங்கன்
30.07.2023

கண்ணியமான மாமாவுக்கு,

லோச் அப்படித்தான் சரிந்து படுக்கும், அது அதன் பழக்கம். பயப்பட வேண்டாம்.

நத்தை தின்னாததற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரியும். வயிறு நிறைந்திருக்கிறது. நத்தை பெருகுவதற்கும் அதே காரணம்தான், மீனுக்கு மிஞ்சியது நத்தைக்குப் போகிறது. யாரோ தீனி கூடப் போடுகிறார்கள்.

நீங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சிட்டிகை என்பது இரண்டு விரலால் எடுப்பது. சிலர் ஐந்து விரலாலும் எடுப்பார்கள்.

ஸஜாத்

*

மருதமுனை
04.08.2023

மருமகனுக்கு,

முத்திரைக் கணக்கில் ஒரு சதம் பிசகாமல் ஓய்வு பெற்றவனிடம் ஐந்து விரல் கதை எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. கோபம் ஒரு மணித்தியாலம் இருந்தது, பிறகு விசாரணையைத் தொடங்கினேன்.

தீனி டின்னில் பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு நாளில் நான் போட்ட அளவுதான் குறைந்திருந்தது. அப்படியானால் வெளியில் இருந்து தீனி வருகிறது. நேற்று லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். குறட்டையும் விட்டேன்.

குசினியில் இருந்து உங்கள் மாமி வந்தார். கையில் ஒரு பீங்கான். அதில் இடியப்பம், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, ஒரு கரண்டி வட்டிலப்பம். பிசைந்து பிசைந்து தொட்டிக்குள் போட்டார். போட்டுக்கொண்டு மீனோடு கதைத்தார். "இன்னும் ஒரு வாய், ஒரேயொரு வாய்" என்றார்.

நான் எழும்பியதும் பீங்கானைப் பின்னால் மறைத்தார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டேன். ஐந்து தரமாம்.

"மருமகன்ட மீன் நம்மட ஊட்டுல வவுறு ஒட்டிக் கிடக்கலாமா? ஊராக்கள் என்ன கதைப்பாங்க? நீங்க போடுறது ஒரு சிட்டிகை. அது ஒரு எறும்புக்குக் காணுமா?" என்று என்னையே கேட்டார்.

நத்தை, லோச், மிஞ்சிய தீனி எல்லாம் விளக்கினேன். கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் மாப்பிள்ளையின் மீனைப் பட்டினி போட்ட மாமி என்ற பெயர் தனக்கு வேண்டாமாம். ஆகவே நீங்களே மாமிக்கு ஒரு வரி எழுதுங்கள், "இனிப் போட வேண்டாம், போதும்" என்று. நீங்கள் சொன்னால் கேட்பார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பக்கீர் முகைதீன்

*

முருங்கன்
09.08.2023

மாமாவுக்கு,

என்னால் எழுத முடியாது. இரண்டு நாளாக முயற்சி செய்தேன். "போதும்" என்ற சொல்லை மாமியிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

கலியாணம் முடித்த முதல் நாள் காலை முட்டைக் கோப்பி வந்தது. குடித்தேன். பிறகு பத்து இடியப்பமும் இறைச்சியும் வந்தது. வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் கதவுக்குப் பின்னால் மாமி நிற்பது தெரிந்தது, தின்று முடித்தேன். தின்று முடித்தால் பிடித்திருக்கிறது என்று இன்னும் ஐந்து வந்தது. அன்றிலிருந்து பத்து மாதம் அப்படித்தான். பதினொரு கிலோ கூடினேன், மாமா. கலியாணச் சட்டை பெருநாளைக்குப் பூட்டவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து மூச்சு விட முடியாமல் தொட்டிக்கு முன்னால் போய் இருப்பேன். அந்த வீட்டில் என்னிடம் எதையும் தின்னச் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

மாமி என்மேல் வைத்தது அன்பும் இரக்கமும்தான் என்று எனக்குத் தெரியும். என் உம்மாகூட எனக்கு அப்படிச் சமைத்ததில்லை. அதனால்தான் சொல்ல முடியவில்லை. ஆனால் பத்து மாதமும் நான் அங்கே விருந்துக்கு வந்த ஆள் மாதிரித்தான் இருந்தேன். விருந்தாளி எப்போதாவது வீட்டுக்குப் போக வேண்டுமே, எனக்குப் போக வேறு வீடு இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை வாசித்த பிறகு நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி. திணைக்களம் என்னை மன்னாருக்கு மாற்றவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். பஸ்னாவுக்குத் தெரியாது. விண்ணப்பம் கொடுத்தபோது பிள்ளை வரப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்த பிறகு திரும்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. இங்கே பருப்பும் சோறும் தின்று, அவளை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இருபதாம் திகதி வரை பொறுக்க வேண்டியதில்லை.

ஸஜாத்

*

மருதமுனை
14.08.2023

மகன் ஸஜாத்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய் இருந்தேன். உங்கள்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மகளை விட்டுவிட்டுப் போனீர்களே என்று ஒரு கவலை வந்தது. அது நீங்களும் அவளும் தீர்த்துக்கொள்ள வேண்டியது, நான் வாய் திறக்க மாட்டேன்.

நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். இந்த வீடும் என் வீடு இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன் நானும் ஒரு சூட்கேஸோடு இங்கே வந்தவன்தான். எனக்கும் முட்டைக் கோப்பி வந்தது. என் மாமி கதவுக்குப் பின்னால் நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் நான் தபால் கந்தோரைத் திறந்து வைத்ததற்கு எனக்கு மேலிடத்தில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கடமை என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அங்கே மேசையில் தலையை வைத்துச் சீரணிக்கப் படுத்துக் கிடந்தேன். என்னிடம் ஒரு மீன் தொட்டிகூட இருக்கவில்லை.

அதனால் நேற்றுப் பகல் சாப்பாட்டில் உங்கள் மாமி இரண்டாம் தரம் கரண்டியை நீட்டும்போது, என் பீங்கானைக் கையால் மூடி, "போதும்" என்றேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தரம். கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வருத்தம் ஒன்றும் இல்லை, வயிறு நிறைந்துவிட்டது என்றேன். பிறகு உங்கள் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி இருந்ததை மட்டும் வாசித்துக் காட்டினேன். இடமாற்றத்தை வாசிக்கவில்லை.

அழவில்லை, மருமகன். அழுதிருந்தால் நல்லது என்று எனக்கு இருந்தது. எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினார். இரவுக்கு அடுப்பு மூட்டவில்லை. பஸ்னாவும் நானும் கடைப் பாணும் சீனிச் சம்பலும் தின்றோம், அவள் காரணம் கேட்டாள், நத்தை என்று சொன்னேன். மீனுக்கும் ஒன்றும் விழவில்லை.

இன்று விடிய தொட்டிக்குள் இருந்து டிக், டிக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் நான்கு லோச்சும் நத்தையின் ஓட்டுக்குள் வாயை விட்டு உறிஞ்சி எடுக்கின்றன. முன்கண்ணாடியில் முப்பத்து நான்கு. தொட்டி எங்கும் போகாது. அது இருக்கும் மூலையும் மாறாது. ராத்தா ஊரி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் எண்ணிக்கொண்டு நிற்கும்போது உங்கள் மாமி பின்னால் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துவிட்டு, "அப்ப, அந்தப் புள்ளைக்கு என்னதான் புடிக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பதிலை உடனே எழுதுங்கள். "எதெண்டாலும் பரவாயில்ல மாமி" என்று எழுதினால் தொட்டியை நானே தெருவில் வைப்பேன்.

உங்கள் மாமா
பக்கீர் முகைதீன்

*

முருங்கன்
18.08.2023

அன்புள்ள மாமாவுக்கும், இதை வாசிக்கக் கேட்கப்போகும் மாமிக்கும்,

நேற்றுப் பஸ்னாவோடு கதைத்தேன். இடமாற்றம் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு மணித்தியாலம் ஏசினாள். கடைசியில், "பதினொரு கிலோ எண்டது எனக்குத் தெரியாதா? பக்கத்துல படுக்கிறது நான்தானே" என்று சிரித்துவிட்டாள். திரும்பி வர விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அது கிடைக்கும்வரை மகப்பேற்றுக்கு என்று மூன்று வாரம் லீவு தந்திருக்கிறார்கள்.

மாமி, இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். எனக்குப் பிடித்தது பழஞ்சோறு, தயிர், சுட்ட கட்டாக் கருவாடு, ஒரு பச்சை மிளகாய். ஒரு பீங்கான், ஒரே ஒரு தரம். முட்டைக் கோப்பி மணமே எனக்கு ஆகாது. வட்டிலப்பமும் பிடிக்காது. ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். நீங்களும் மாமாவும் என்னோடு கூட இருந்து சாப்பிடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். வழியில் ஒன்றும் தின்ன மாட்டேன். அந்த வீட்டுக்குப் பசியோடு வருவது இதுதான் முதல் தரம்.

உங்கள் மகன்
ஸஜாத்